மருதாணி வைத்த கால்

மே 16, வியாழன்

வடிவு, முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். இன்று காலையில் உன் கட்டில் பக்கத்தில், காலுக்குப் போடும் நீல உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். அது நான்தான். உள்ளே நுழையும்போது இரண்டு உறையும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே துணி. தொப்பியைக் காலில் போட்டு மிச்சமிருந்ததைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். ஜெபக்கனி சிஸ்டர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அது காலுக்கு" என்றார். அவர் சிரிக்கவில்லை. அந்த அறையில் யாரும் சிரிப்பதில்லை. நீ கண்ணை மூடிக் கிடந்ததால் பிழைத்தேன். பார்த்திருந்தால் பாவூர்சத்திரம் முழுக்கச் சொல்லி முடித்திருப்பாய்.

இதை எழுதச் சொன்னதும் அந்த சிஸ்டர்தான். தூக்க மருந்தில் கிடக்கிறவர்கள் எழுந்த பிறகு, நடுவில் போன நாளெல்லாம் எங்கே என்று தெரியாமல் திண்டாடுவார்களாம். கெட்ட கனவையெல்லாம் நடந்ததாக நம்பிக்கொள்வார்களாம். அப்போது வாசித்துக்காட்ட, வீட்டு ஆட்கள் நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தால் நல்லதாம். நான் ஐந்தாம் வகுப்புதான், அதுவும் முழுசாக இல்லை என்றேன். அது போதும் என்றார். எழுத்துப்பிழை இருந்தால் நீ சிரிக்கலாம். எழுந்து உட்கார்ந்து சிரி.

நடந்தது இது. நேற்றுக் காலையில் உனக்குக் குளிர்காய்ச்சல். கட்டில் ஆடுகிற மாதிரி நடுங்கினாய். நான் கஞ்சி கொண்டுவந்தபோது என்னைப் பார்த்து, "தபால்காரரே, அவர் மைக்செட்டு கட்டப் போயிருக்காரு, சாயங்காலம் வாங்க" என்றாய். நான் தினமும் உன்னைக் கிண்டலடிப்பதற்குப் பழி வாங்குகிறாய் என்று நினைத்தேன். தபால்காரனாகவே நின்று, "அம்மா, மணியார்டர் வந்திருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்று பேசினேன். நீ கையை நீட்டினாய். கை ஐஸ் மாதிரி இருந்தது. நம் மகள் ஆவுடை வந்து கூப்பிட்டாள். அவளையும் உனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் ஓடினேன். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸ், திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி. வழியில் உனக்கு மூச்சு நாய் இரைக்கிற மாதிரி இரைத்தது. இங்கே வந்ததும் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். அதனால்தான் இப்போது உன்னால் பேச முடியவில்லை. எனக்கு இது நல்ல சந்தர்ப்பம் என்று நீ நினைப்பாய். இல்லை.

டாக்டர் பெயர் ஷமீமா. சின்னப் பெண். ஆவுடையைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருக்கும். உடம்பில் எங்கேயோ புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். கிருமியை அடிக்க உடம்பு கிளம்புமாம், கிளம்பின வேகத்தில் தன்னையே அடித்துக்கொள்ளுமாம். இரத்த அழுத்தம் இறங்கி, கிட்னி, நுரையீரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடுமாம். எனக்கு உடனே புரிந்தது. மைக்கை பாக்ஸுக்கு நேராகக் காட்டினால் ஊளையிடுமே, அதேதான். தன் சத்தத்தைத் தானே வாங்கி, வாங்கினதைத் திரும்பக் கத்தி, அப்படியே விட்டால் ஸ்பீக்கர் கருகிப்போகும். ஊளையிடும்போது நான் ஓடிப்போய் வால்யூமைக் குறைப்பேன். இங்கே எந்தத் திருகைத் திருக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

கிருமி எந்த வழியாக உள்ளே போனது என்று தேடுகிறார்கள். சளி இருந்ததா, மூத்திரக் கடுப்பு இருந்ததா, பல் வலி உண்டா என்று கேட்டார்கள். கால் கையில் புண் ஏதும் உண்டா என்றும் கேட்டார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாள், மற்றபடி குதிரை மாதிரி நடப்பாள் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 17, வெள்ளி

காலையும் சாயங்காலமும் ஒவ்வொரு தடவை உள்ளே விடுகிறார்கள். விட்ட உடனே கூப்பிட்டுவிடுகிறார்கள். மீதிப் பொழுதெல்லாம் வெளியே காத்திருக்கும் கூடம்தான். சட்டையைக் குழாயடியில் துவைத்து ஜன்னல் கம்பியில் போட்டேன். காவலாளி எடுக்கச் சொன்னார். ஈரத்தோடு போட்டுக்கொண்டேன். ஆவுடையை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். கோழிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், கீழப்பாவூர்க் கல்யாணத்துக்கு நம் மைக்செட்டுப் பெட்டியை வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். என் பெட்டியில் அடுத்தவன் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. வைக்கட்டும்.

கூடத்தில் எல்லோரும் சாமி கும்பிடுகிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது தாங்காது. போன மாதம் நடந்த நம் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கதையைச் சொன்னேன். கொடையன்று நான் மைக்கில் வரி கொடுத்தவர்கள் பெயர் வாசித்துக்கொண்டிருந்தபோது நீ தூக்குச்சட்டியில் சோறு கொண்டு வந்தாயே, காலைச் சாய்த்துச் சாய்த்து. நான் நடுவில் நிறுத்தி, "பெரியோர்களே தாய்மார்களே, நொண்டி விளையாட்டுப் போட்டியில் இந்த வருஷம் முதல் பரிசு வாங்க வந்துகொண்டிருப்பவர் மைக்செட் பேச்சிமுத்து சம்சாரம் சண்முகவடிவு அம்மாள்" என்றேன். நாலு தெருவுக்கும் கேட்டது. சிரிப்பு அடங்கவே இல்லை. நீயும் சிரித்தாய். இந்தக் கூடத்திலும் சிரித்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் மகன் உன் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறான்.

அதே நாள், சாயங்காலம்

உனக்கு உடம்பு துடைத்துவிடும்போது சிஸ்டருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. இரண்டு காலிலும் மருதாணி வைத்திருந்தாய். வலது காலில் அது மங்கிப்போய் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. இடது காலில் மட்டும் மேலே மேலே புதிதாக வைத்து, விரலெல்லாம் கருஞ்சிவப்பாக இருந்தது. ஒற்றைக் காலுக்கு மட்டும் யாராவது திரும்பத் திரும்ப மருதாணி வைப்பார்களா என்று நினைத்து, மெட்டி விரலை அழுத்திப் பார்த்திருக்கிறார். பஞ்சு மாதிரி அமுங்கியதாம். மெட்டிக்கு அடியிலிருந்து வாடை வந்ததாம்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "கால்ல புண்ணு இருந்துச்சான்னு கேட்டேனே அண்ணாச்சி" என்றார். நல்லாத்தான் நடந்தா டாக்டர், என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

விரல் வீங்கி மெட்டி கழலவில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டும், உங்களுக்குச் சம்மதமா என்று சிஸ்டர் கேட்டார். கட்டியவன் உயிரோடு இருக்கும்போது மெட்டியை வெட்டலாமா என்று உன் அக்கா இருந்திருந்தால் ஆஸ்பத்திரியையே இரண்டாக்கியிருப்பாள். நான் வெட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இந்தத் தொண்டையை வைத்துத்தானே இத்தனை வருஷம் பிழைத்தேன். தலையை ஆட்டினேன். வெட்டினதைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மெட்டி வாங்கும்போதே அளவு சின்னது என்று நீ சொன்னாய். கால் பெரிசு என்று நான் சொன்னேன்.

மெட்டி விரலையும் அடுத்த விரலையும் எடுக்க வேண்டுமாம். விட்டால் மேலே ஏறுமாம். காலே போனாலும் பரவாயில்லை, ஆளைக் கொடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான்.

மே 18, சனி

விரல்களை எடுத்தாகிவிட்டது. டாக்டர் சொன்னது: சாக்கடையில் அடைப்பை எடுத்தாகிவிட்டது, ஆனால் வீட்டுக்குள் வந்த தண்ணீர் இன்னும் வடியவில்லை. இரத்த அழுத்தத்தை ஏற்ற ஒரு மருந்து மிஷினில் சொட்டுச் சொட்டாகப் போகிறது. நேற்றைவிட இன்று அதைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டினால் நல்லதா என்று கேட்டேன். குறைத்தால்தான் நல்லது என்றார்.

உன்னைச் சுற்றி நிறைய டிவி ஓடுகிறது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தேன். சிஸ்டர் கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையைக் காட்டி, "அண்ணாச்சி, நீங்க இதை மட்டும் பாருங்க. மூத்திரம் இறங்குச்சுன்னா அக்கா திரும்புறாங்கன்னு அர்த்தம்" என்றார். வடிவு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட உன்னை நான் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

முகம் வீங்கியிருக்கிறது. கை வீங்கியிருக்கிறது. விரலைத் தொட்டேன். நீதான் என்று அடையாளம் தெரிந்தது.

மே 19, ஞாயிறு

பையில் ஒன்றுமில்லை.

மே 20, திங்கள்

இன்று பக்கத்து அறையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். இத்தனை நாளும் நிற்கவைத்தே பேசினவர்கள் உட்காருங்கள் என்றதும் நான் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தேன். உன் ரத்தத்தில் வளர்ந்த கிருமி எது என்று ரிப்போர்ட் வந்துவிட்டதாம். முதலில் கொடுத்த மருந்துக்கு அது அடங்காத ஜாதியாம். வேறு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். கிட்னிக்கு மிஷின் போடுகிறார்கள். சொந்தக்காரர்கள் யாராவது பார்க்க வேண்டுமென்றால் வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எதற்குப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அம்பாசமுத்திரத்துப் பெரியவரைக் காணவில்லை. அவர் மகனின் கட்டிலில் புதிய விரிப்பு விரித்திருந்தார்கள்.

ஆவுடை வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"யப்பா, நீங்க வீட்டுக்குள்ள வரும்போது மட்டுந்தான் அம்மா நேரா நடப்பா. நீங்க அந்தப் பக்கம் போனதும் செவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் அடுப்படிக்குப் போவா."

எப்போதிருந்து என்று கேட்டேன். கொடையிலிருந்து என்றாள்.

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

"அப்பா மைக்குல போட்டுருவாரு, சொல்லாதன்னா."

நான் டீ குடிக்கப் போனேன். டீ நன்றாக இல்லை. இன்னொரு டீ வாங்கினேன். அதுவும் நன்றாக இல்லை.

மே 21, செவ்வாய்

கிட்னி மிஷின் ஓடுகிறது. உன் ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து திரும்ப உள்ளே போகிறது. சிவப்பாகத்தான் இருக்கிறது.

உன்னோடு பேசலாம், காதில் விழும் என்றார் சிஸ்டர். மெதுவாகப் பேசுங்கள் என்றும் சொன்னார். எனக்கு மெதுவாகப் பேச வராது என்று உனக்கே தெரியும். ரகசியம் பேசினாலே அடுத்த வீட்டில் பதில் சொல்வார்கள். குனிந்து காதுப் பக்கம் போனேன். வழக்கமாக வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள், கேலி கிண்டல் எல்லாம் செய்யலாம் என்றார் சிஸ்டர். நான் கிண்டல்காரன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கோழி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கருப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

உன் அக்காவுக்கு இன்னும் போன் போடவில்லை. போட்டால் வந்துவிடுவாள். வந்தால், அவள் வரவேண்டிய அளவுக்கு ஆகிவிட்டது என்று ஆகும்.

மே 22, புதன்

சட்டைப்பையில் இருக்கும் மெட்டி நெஞ்சில் குத்துகிறது. வேறு பைக்கு மாற்றவில்லை.

மே 24, வெள்ளி

வடிவு, இறங்கிவிட்டது.

காலையில் பையின் அடியில் தேயிலைத் தண்ணீர் மாதிரி கொஞ்சம் இருந்தது. மிஷின் தண்ணீரோ என்று சந்தேகப்பட்டேன். இல்லை, அக்காவுடையதுதான் என்றார் சிஸ்டர். இரத்த அழுத்த மருந்தையும் நேற்றிலிருந்து குறைத்துக்கொண்டே வருகிறார்களாம். நான் வெளியே வந்து கூடத்தில் எல்லோருக்கும் என் சம்சாரம் ஒண்ணுக்குப் போய்விட்டாள் என்று அறிவித்தேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். தென்காசிக்காரர் ஒருவர் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். காவலாளி வந்து இன்னொரு தடவை சத்தம் போட்டால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். அனுப்பட்டும்.

அப்புறம்தான் யோசித்தேன். திரும்பவும் உன்னை நாலு பேர் நடுவில் அறிவித்துவிட்டேன். இனிமேல் சொல்ல மாட்டேன். இதை மட்டும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் முழுசாகச் சிரிக்கவில்லை. இன்னும் அபாயம் தாண்டவில்லை, காய்ச்சல் திரும்பலாம் என்கிறார். சாயங்காலம் உன் நெற்றி சுட்டது. மறுபடியும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பயத்தில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். எறும்பு மொய்த்துவிட்டது.

மே 27, திங்கள்

நேற்று வாய்க்குழாயை எடுத்துவிட்டார்கள். இன்று நான் உள்ளே வரும்போது கண் திறந்திருந்தது. யாரையோ தேடுகிற மாதிரி பார்த்தாய். தூக்க மருந்து இன்னும் தெளியவில்லை, ஆளை அடையாளம் தெரிய நாளாகும் என்றார் சிஸ்டர். காலையில் அவரையே நம் அடுத்த வீட்டுப் பாக்கியம் என்று நினைத்து உப்புக் கடன் கேட்டாயாம்.

நான் கிட்டே வந்தேன். என்னைப் பார்த்தாய். பார்த்ததும் இடது காலை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய். கட்டுப் போட்ட கால். வலித்திருக்கும், முகம் சுருங்கியது. ஆனாலும் முழுசாக உள்ளே போகிறவரை இழுத்தாய். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

குளிராக இருந்திருக்கும். அங்கே ஏ.சி. அதிகம்.

ஜூன் 2, ஞாயிறு

சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். உன் அக்காவுக்குப் போன் போட்டேன். இத்தனை நாள் சொல்லாததற்கு அவள் பேசினது அடுத்த கட்டில் வரை கேட்டது. எனக்கு அவள் குரலே அப்போது நல்லதாக இருந்தது.

நீ கேட்டதால் இன்று இதை வாசித்துக்காட்டினேன். தலையில் காலுறை போட்டதற்குச் சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. கொடைக் கதைக்குச் சிரிக்கவில்லை. இருபதாம் தேதிப் பக்கத்தை நான் புரட்டித் தாண்டினேன். நீ பார்த்துவிட்டாய். நீ எட்டாம் வகுப்பு. நோட்டை வாங்கி நீயே வாசித்தாய். வரி வரியாக விரலை வைத்து வாசித்தாய். முடித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாய்.

"கொடையன்னைக்கு நெசமாவே வலிச்சுது. சோத்த வச்சுட்டு உங்ககிட்ட காட்டலாமின்னுதான் வந்தேன்" என்றாய்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும். கட்டில் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நீ திரும்பிப் பார்த்தாய். பிறகு, "என்ன, கரண்டு போயிட்டா?" என்றாய்.

மெட்டியைக் கேட்டாய். பஞ்சைப் பிரித்துக் கொடுத்தேன். வெட்டின இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாய். "இது வேண்டாம். வலது காலுக்கு வேற ஒண்ணு வாங்குங்க. பெருசா" என்றாய்.

இனி வலித்தால் சொல்வாயா என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது. சொல்ல மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஜூன் 11, செவ்வாய்

இன்று வீட்டுக்கு விட்டார்கள். நடந்ததை நீயே பார்த்தாய். ஆனாலும் எழுதிப் பழகிவிட்டது.

காலைக் கீழே வைக்கும் விதம், மருந்து வைத்துக் கட்டும் விதம், காய்ச்சல் என்றாலும் குளிர் என்றாலும் பேச்சு மாறினாலும் அன்றைக்கே வர வேண்டும் என்பது, எல்லாவற்றையும் டாக்டர் ஷமீமா என்னிடம் சொல்லி, என்னையே திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நடுவில் எதுவும் சேர்க்கவில்லை. ஜெபக்கனி சிஸ்டர் மேலேயிருந்து இறங்கி வந்து உன் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

சக்கர நாற்காலி வேண்டாம், வாசல் வரை நடக்கிறேன் என்றாய். ஆவுடை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கால் செருப்புக்குள் நுழையாததால் இடது செருப்பை நான் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தேன். நீ நொண்டினாய். ஒவ்வொரு அடிக்கும் சாய்ந்து, நின்று, மூச்சு விட்டு, மறுபடியும் சாய்ந்தாய். நடுவில் ஒரு தடவை திரும்பி நான் பார்க்கிறேனா என்று பார்த்தாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ மறுபடியும் நொண்டினாய், ஒளிக்காமல், என் முன்னாலேயே. வலிக்குது என்றாய். ஆவுடையிடம் இல்லை, என்னிடம். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக நான் காவலாளியிடம் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோ பிடித்தோம். முதலில் உன்னை ஏற்றினேன். காலை நீட்டி வைக்க ஆவுடையை ஓரத்தில் ஒடுக்கி உட்காரவைத்தேன். தலையணையை ஏற்றினேன். பிளாஸ்க்கை ஏற்றினேன். மருந்துப்பையை ஏற்றினேன். எல்லாம் ஏறிவிட்டதா என்று டிரைவர் கேட்டார். எல்லாம் ஏறிவிட்டது என்றேன். ஆட்டோ போய்விட்டது.

நான் ஏறவில்லை.

கையைத் தட்டிக் கூப்பிட்டேன். மைக் இல்லாததால் கேட்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டே போனேன். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஏறாததை நீ ஆஸ்பத்திரி வாசலிலேயே பார்த்துவிட்டாயாம். டிரைவரிடம் சொல்லவில்லையாம்.

செருப்பு எங்கே என்று கேட்டாய். அது டவுன் பஸ்ஸில் போய்விட்டது.